மன்ஹாட்டன், கன்சாஸ்

2001-ம் ஆண்டு மே மாதம் உடுமலைப்பேட்டையில் எங்கள் சொந்தபந்தம் முழுக்க ஒரு செய்தி பரவியிருந்தது: மின்வாரியத்துக்காரர் பையன் நியூயார்க்குக்குப் படிக்கப் போகிறான். நான் சொன்னது ‘மன்ஹாட்டன்’ என்ற ஒரு பேரைத்தான். மிச்சத்தை அவரவர் சேர்த்துக்கொண்டார்கள். “அந்த ரெட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்துலயா மாப்ள?” என்று பெரிய மாமா கேட்டார். அது வேற மன்ஹாட்டனுங்க மாமா, இது கன்சாஸ்ல இருக்குது, கோதுமையும் மாடும்தான் அங்க அதிகம் என்றேன். அவர் முகம் வாடிப்போயிற்று. “மாடு மேய்க்கறதுக்கு இங்கயே இருந்திருக்கலாமே” என்று அத்தை சமையல்கட்டிலிருந்து சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

வேடிக்கை என்னவென்றால், நியூயார்க் மாநிலத்திலும் எனக்கு இடம் கிடைத்திருந்தது. பஃபலோவில். அதை விட்டுவிட்டுத்தான் கன்சாஸுக்குக் கிளம்பினேன். ஊரில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அத்தை இன்னும் உரக்கப் பேசியிருப்பார்.

கோயம்புத்தூர் தடாகம் சாலையில் உள்ள அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் அப்போது சிவில் இறுதியாண்டு. 2000-ல் மென்பொருள் கம்பெனிகள் சிவில், மெக்கானிக்கல் என்றெல்லாம் பார்க்காமல் கல்லூரிகளில் ஆளை அள்ளிக்கொண்டு போயின. எனக்கும் ஒரு வேலைக் கடிதம் வந்திருந்தது. அமெரிக்காவில் டாட்காம் சரிந்ததும், சேரும் தேதியைத் தள்ளிப்போட்டு இன்னொரு கடிதம் வந்தது. அதன் பிறகு அந்தக் கம்பெனியிலிருந்து பேச்சுமூச்சில்லை. ஆனாலும் எனக்கு அது பெரிய கவலையாக இல்லை. எனக்கு ஆசை நிலநடுக்கப் பொறியியலில்.

அந்த ஆசைக்கு நெய் ஊற்றியது 2001 ஜனவரி 26. குடியரசு தின அணிவகுப்பைப் பார்க்க விடுதி டி.வி. அறையில் கூடியவர்கள் கொஞ்ச நேரத்தில் பூஜ் நிலநடுக்கச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நடுக்கத்தின் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்து கிடந்தன. பெரும்பாலும் கார் நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தைச் சுவரில்லாமல் வெறும் தூண்களில் நிறுத்திய கட்டடங்கள். தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டுவார்களே, சைட்டில் ‘ரிங்’ என்று சொல்கிற வளையம், அதை நெருக்கமாகப் போட்டு முனையைச் சரியாக மடக்கியிருந்தால் எத்தனையோ தூண்கள் தாங்கியிருக்கும். எங்கள் பேராசிரியர் ஒருவர் மறுவாரம் அதைக் கரும்பலகையில் வரைந்து காட்டியபோது வகுப்பில் ஒரு சத்தமில்லை. என் விண்ணப்பங்கள் அதற்கு முன்பே போய்விட்டன. எல்லாவற்றிலும் நிலநடுக்கம்தான் படிக்கப்போவதாக எழுதியிருந்தேன். பட்டியலில் முதலில் இருந்தது பஃபலோ. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1986-ல் நிலநடுக்கப் பொறியியலுக்கென்று நிறுவிய ஆய்வு மையம் அங்கேதான் இருக்கிறது. நான் நூலகத்தில் புரட்டிய கட்டுரைகளில் பாதி அங்கிருந்து வந்தவை.

மார்ச்சில் பதில்கள் வர ஆரம்பித்தன. காந்திபுரத்தில் மணிக்கு முப்பது ரூபாய் வாங்கிய பிரௌசிங் சென்டரில் யாகூ திறப்பதற்குள் பத்து ரூபாய் ஓடிவிடும். அந்த வருஷம் எங்களுக்குள் ஒரே விசாரிப்புதான்: “எய்ட் வந்துதா?” அட்மிஷன் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. அட்மிஷன் வரும். எய்டு வந்தால்தான் விமானம்.

பஃபலோ இடம் கொடுத்தது, பணம் கொடுக்கவில்லை. அந்தக் கடிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதலாண்டு எம்.எஸ். மாணவர்களுக்கு உதவித்தொகை தருவது அரிது, சேர்ந்தபின் பேராசிரியர்களை அணுகலாம் என்று நேராகவே எழுதியிருந்தார்கள். கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு இருபதாயிரம் டாலரை ஒட்டிய செலவுக்கணக்கு அதோடு இருந்தது. அப்போது டாலர் 46, 47 ரூபாய். அப்பா மின்வாரியத்தில் போர்மேன். சம்பளம் மாதம் ஒன்பதாயிரத்துச் சொச்சம். எட்டு வருஷம் அவர் ஒரு டீகூடக் குடிக்காமல் சேர்த்தால் என் ஒரு வருஷப் படிப்பு.

கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது வேறு மாதிரி. முதலில் துறைக் கடிதம் இல்லை, ஒரு பேராசிரியரின் மின்னஞ்சல். தன்னிடம் ஒரு ப்ராஜெக்ட் இருக்கிறது, காங்கிரீட் சாலைகளில் போடும் சுண்ணாம்புக்கல் ஜல்லி பனியில் ஏன் வெடிக்கிறது என்று பார்க்க வேண்டும், வாரம் இருபது மணி நேர வேலை, மாதம் 1,050 டாலர், பன்னிரண்டு மாதமும் உண்டு, வர முடியுமா என்று கேட்டிருந்தார். ஆர்.ஏ., அதாவது ஆய்வு உதவியாளர் வேலை என்பதால் கட்டணம் முழுத் தள்ளுபடி இல்லை. ஆனால் வெளிநாட்டான் கட்டும் கட்டணத்துக்குப் பதில் அந்த மாநிலத்தார் கட்டுவதைக் கட்டினால் போதும். இரண்டுக்கும் இடையே பல மடங்கு வித்தியாசம்.

மூன்றாவது ஒன்றும் இருந்தது. தெற்கு மாநிலம் ஒன்றில் டி.ஏ., அதாவது கற்பித்தல் உதவியாளர் வேலை, பேர் வேண்டாம். நிலநடுக்கமும் சொல்லிக்கொடுக்கிற இடம், சம்பளமும் கன்சாஸைவிட நூறு டாலர் அதிகம். முதல் வாசிப்பில் துள்ளிக் குதித்தேன். இரண்டாம் வாசிப்பில்தான் ‘முதல் செமஸ்டருக்கு’ என்பதும், ‘நிதி இருப்பைப் பொறுத்து’ நீட்டிக்கப்படலாம் என்பதும் கண்ணில் பட்டன. மார்ச் முடிவதற்குள் பதில் வேண்டும் என்றும் கடைசி வரியில் இருந்தது.

அமெரிக்காவில் இருந்த எங்கள் சீனியர் ஒருவருக்கு மூன்றையும் தட்டச்சு செய்து அனுப்பினேன். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறவர். அவர் அனுப்பிய பதிலில் இருந்ததுபோல் எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. டி.ஏ. பணம் துறையின் பணம், அரசுப் பல்கலைக்கழகம் என்றால் மாநில பட்ஜெட்டிலிருந்து வருவது; அதனால் நீ என்ன ஆராய்கிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் பட்ஜெட் இளைத்தால் முதலில் கழிவது நீ. ஆர்.ஏ. பணம் பேராசிரியருக்கு வெளியிலிருந்து யாரோ கொடுப்பது. அது நிலையாக வரும், ஆனால் கொடுத்தவன் கேட்ட கேள்விக்குத்தான் நீ பதில் தேட வேண்டும். ஃபெல்லோஷிப் பல்கலைக்கழகமே தருவது, அது நமக்கு விழாது, மறந்துவிடு. எந்தக் கடிதமானாலும் தொகையைப் பார்க்காதே, மாதத்தை எண்ணு. ஒன்பது மாதச் சம்பளம் என்றால் கோடையில் மூன்று மாதம் என்ன சாப்பிடுவாய்? எஃப்-1 விசாவில் முதல் வருஷம் வளாகத்துக்கு வெளியே வேலை செய்யக் கூடாது.

அவர் சொன்ன இன்னொன்று ஏப்ரல் 15. அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் பள்ளிகளுக்கு ஒரு கூட்டமைப்பு உண்டு. அதன் தீர்மானத்தில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், உதவித்தொகை விஷயத்தில் ஏப்ரல் 15-க்கு முன்னால் பதில் சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஒப்புக்கொண்ட பிறகுகூட அந்தத் தேதிவரை எழுத்து மூலம் விலகிக்கொள்ளலாம். எங்கோ கோயம்புத்தூரில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இப்படியொரு பாதுகாப்பு இருப்பது தெரிந்தபோது கொஞ்சம் தலைக்கனமே வந்தது. தெற்குப் பல்கலைக்கழகத்துக்குப் பணிவாக ஒரு மின்னஞ்சல் எழுதி, ஏப்ரல் 15 வரை அவகாசம் கேட்டேன். அவர்களும் பணிவாகத்தான் பதில் எழுதினார்கள்: அந்த இடம் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது, தங்களுக்கு எங்கள் வாழ்த்துகள். கையெழுத்திட்டவர்களைத்தான் தீர்மானம் கட்டும். அவர்கள் போட்டிருந்தார்களா என்று நான் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தாலும் எந்தக் கோர்ட்டுக்குப் போயிருப்பேன்?

ஆக, இரண்டு. பஃபலோ என்றால் கடன். நானும் அப்பாவும் ஒரு சனிக்கிழமை வங்கிக்குப் போனோம். மேலாளர் நல்லவர், உட்காரவைத்துப் பேசினார். வீட்டுப் பத்திரம் வேண்டும், தாய்ப்பத்திரம் வேண்டும், வில்லங்கச் சான்று, பேனல் வக்கீல் கருத்து, என்ஜினியர் மதிப்பீடு, தாசில்தார் சான்று. அப்பா ஒவ்வொன்றையும் சட்டைப்பையில் இருந்த சிறு டைரியில் எழுதிக்கொண்டார். “எல்லாம் கொண்டாந்தா எவ்வளவுங்க குடுப்பீங்க?” என்று கேட்டார். வீட்டு மதிப்பில் பாதிக்குப் பார்க்கலாம் என்றார் மேலாளர். எங்கள் வீடு இரண்டு அறை, ஒரு திண்ணை, பின்னால் ஒரு முருங்கைமரம். அதில் பாதி மதிப்பு பஃபலோவின் ஒரு செமஸ்டரைத் தாண்டாது. அந்த ஏப்ரல் 28-ம் தேதிதான் ரிசர்வ் வங்கி, வெளிநாட்டுப் படிப்புக்குப் பதினைந்து லட்சம் வரை தரலாம் என்ற கல்விக்கடன் திட்டத்தை எல்லா வங்கிகளுக்கும் சுற்றறிக்கையாக அனுப்பியது. நான் முடிவு சொல்லி இரண்டு வாரம் ஆகியிருந்தது. அதிலும் நான்கு லட்சத்துக்கு மேல் என்றால் பிணையம் உண்டு என்பதால் எங்களுக்கு ஒன்றும் பெரிதாக மாறியிருக்காது.

அன்றைக்கு ராத்திரி அப்பா தினசரிக் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கம் கணக்குப் போட்டார். அவர் டாலரை ரூபாயாக மாற்றவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். நாங்கள் எல்லோரும் எதையெடுத்தாலும் 47-ஆல் பெருக்கிப் பயந்துகொண்டிருந்தோம். அவர் டாலரிலேயே போட்டார். மாதம் 1,050, வருஷத்துக்கு 12,600. கட்டணம் இரண்டு செமஸ்டருக்கும் சேர்த்து மூன்று மாதச் சம்பளம் என்று கழித்தார். நான்கு பேர் சேர்ந்து எடுக்கும் வீட்டில் பங்கு 160. சாப்பாடு 120, சீனியர் சொன்னது. காப்பீடு, புத்தகம், குளிர்க்கோட்டு, டெலிபோன் கார்டு. வரி என்று ஒரு தொகையைக் குத்துமதிப்பாக எழுதி அடிக்கோடிட்டார். கடைசியில் நாலாயிரம் மிஞ்சியது. அதை மட்டும் ரூபாயாக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அவருடைய ஒரு வருஷச் சம்பளத்தைவிட அதிகம்.

“ஏந்தம்பி, உனக்குப் புடிச்சது அந்த நடுக்கப் படிப்புதானே? கல்லு படிக்கறதுக்கு நெசமாலுமே காசு குடுக்கறாங்களா?”

“ஆமாங்ப்பா. ஹைவேஸ் டிபார்ட்மெண்ட் குடுக்குது.”

“அவங்களுக்கு ரோடு ஒடையுது. அதனால குடுக்கறாங்க” என்றார். லைன் அறுந்தால் ராத்திரியில் ஏணியோடு போகிற மனுஷருக்கு அது ஒரு நொடியில் விளங்கிவிட்டது. எனக்குத்தான் நாளாயிற்று.

இதற்கு நடுவில் கேட் தேர்வு முடிவும் வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் எம்.டெக். கட்டமைப்புப் பொறியியல் கிடைக்கக்கூடிய மதிப்பெண். அங்கேயும் உதவித்தொகை உண்டு. வாரத்துக்கு எட்டு மணி நேரம் துறை வேலை செய்தால் போதும். அம்மாவுக்கு அதுதான் விருப்பம். “மெட்ராஸ்னா ராத்திரி வண்டி ஏறுனா காத்தால வந்தரலாம் சாமி” என்று ஒரே வரியில் வாதத்தை முடித்துவிட்டார். அதற்கு மறுமொழி கிடையாது. ஆனால் அங்கே சேர்க்கை முடிவாவது கோடையில். கன்சாஸ் பேராசிரியருக்குப் பதில் ஏப்ரலில். கையில் இருப்பதை விட்டுவிட்டு வரப்போவதற்குக் காத்திருக்கும் துணிச்சல், வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு உரியது என்பது என் கருத்து. இன்றும் அதில் மாற்றமில்லை.

முடிவு சொல்வதற்கு முன் அந்தப் பேராசிரியருக்கு ஒரு கேள்வி அனுப்பினேன். உங்கள் ப்ராஜெக்டில் வேலை செய்துகொண்டே தீசிஸை நிலநடுக்கம் பற்றி எழுதலாமா? இரண்டு நாளில் பதில் வந்தது. வகுப்புகள் எதை வேண்டுமானாலும் எடு, தடுக்க மாட்டேன். தீசிஸ் கல்லைப் பற்றித்தான், ஏனென்றால் கல்லுக்குத்தான் பணம் வருகிறது. வேறொன்றில் உனக்கு உண்மையான ஆசை இருந்தால் வராதே. பாதியில் நீ விட்டுப்போனால் எனக்கும் கஷ்டம், உனக்கும் கஷ்டம். அந்த மின்னஞ்சலை பிரௌசிங் சென்டர்க்காரரிடம் இரண்டு ரூபாய் கொடுத்து பிரிண்ட் எடுத்தேன். பாராட்டி, ஆசைகாட்டி, ‘வளமான ஆய்வுச் சூழல்’ என்றெல்லாம் எழுதிய கடிதங்களுக்கு நடுவே இந்த ஆள் ஒருவர்தான் விலையைச் சொன்னார். பணத்தை வாங்கினால் கேள்வியையும் வாங்க வேண்டும். ஏப்ரல் 12 அன்று சரி என்று எழுதிவிட்டேன். பஃபலோவுக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம். அதை எழுதத்தான் நேரம் பிடித்தது.

ஆகஸ்டில் போய் இறங்கினேன். கன்சாஸ் சிட்டியிலிருந்து மேற்கே இரண்டு மணி நேரம். இரு பக்கமும் புல் மூடிய குன்றுகள். ஃபிளிண்ட் ஹில்ஸ் என்று பேர். ஊரார் தங்கள் மன்ஹாட்டனை ‘சின்ன ஆப்பிள்’ என்று செல்லமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அமெரிக்க அரசு நிலம் கொடுத்து வளர்த்த பழைய பல்கலைக்கழகங்களில் ஒன்று எங்களுடையது, 1863-ல் தொடங்கியது. வளாகத்துக்குள் நுழைந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. கட்டடங்கள் எல்லாம் வெளிர்மஞ்சள் சுண்ணாம்புக்கல். நூறு வருஷப் பனியைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றன. அதே மாநிலத்துச் சுண்ணாம்புக்கல்லை உடைத்து ஜல்லியாக்கிச் சாலையில் போட்டால் பதினைந்து இருபது வருஷத்தில் வெடிக்கிறது. என் சம்பளம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருந்தது.

கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. சாலைக்கு அடியில் தேங்கும் தண்ணீரை அவை குடித்துவைத்துக்கொள்ளும். உறைந்தால் தண்ணீர் விரியும். வெளியேற வழியில்லாத நுண்துளை என்றால் கல்லே பிளந்துகொள்ளும். விரிசல் சாலையின் இணைப்புகளை ஒட்டிப் பிறைபோல வளைந்து கிளம்பும். எங்கள் வேலை, அந்த ஜல்லியைப் போட்டுச் செய்த காங்கிரீட் கட்டைகளை ஒரு பெட்டிக்குள் வைத்து, மைனஸ் 18 டிகிரிக்கு உறையவிட்டு, மறுபடி 4 டிகிரிக்கு இளகவிட்டு, அப்படியே முந்நூறு தடவை. சில சுற்றுகளுக்கு ஒருமுறை கட்டையை வெளியே எடுத்து ஒரு சிறு சுத்தியால் தட்டி, அது அதிரும் அலைவெண்ணைக் கருவியில் குறிக்க வேண்டும். உள்ளே விரிசல் விட விட ஒலி இறங்கும். சந்தையில் மண்பானை வாங்கும்போது அம்மா தட்டிப் பார்ப்பதும் இதுதான். கருவி மட்டும் இல்லை. உடுமலைப் பையனுக்குக் கை விரல் மரத்துப்போகும். கையுறையைப் போட்டுக்கொண்டால் கட்டை நழுவும்.

நிலநடுக்கப் பாடம் ஒன்றையும் எடுத்தேன், நல்ல மதிப்பெண்ணே வந்தது. அதோடு சரி. தீசிஸ் கல், முதல் வேலை சாலை, இன்றைய வேலையும் சாலைதான். அமெரிக்காவில் இரண்டு மாநிலங்களில் நான் கைவைத்த காங்கிரீட் சாலைகள் இருக்கின்றன. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், வெடிக்காத சாலையை யார் பார்ப்பார்கள்?

என் வகுப்புத் தோழன் ஒருவன் அதே வருஷம் கடன் வாங்கிக்கொண்டு பஃபலோ போனான். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்த குடும்பம். தோப்பை அடமானம் வைத்தார்கள். முதல் செமஸ்டர் முழுக்க வளாகச் சாப்பாட்டுக்கூடத்தில் தட்டுக் கழுவினான். இரண்டாம் வருஷம் ஒரு பேராசிரியர் அவனுக்கு ஆர்.ஏ. கொடுத்தார். இப்போது கலிஃபோர்னியாவில் பாலங்களுக்கு நிலநடுக்கத் தாங்கிகள் வடிவமைக்கிறான். என்னைவிட நன்றாகப் படித்தவன் என்று சொல்ல மாட்டேன். தோப்பு இருந்தது, அதை வைக்கத் துணிந்த அப்பா இருந்தார். என் அப்பாவுக்கு என் தங்கை கல்யாணம் பாக்கி இருந்தது. அவனைப் பார்க்கும்போது பொறாமையா என்று கேட்டால், முதல் சில வருஷம் கொஞ்சம் இருந்தது. அவனும் என் சம்பளக் காசோலையைப் பார்த்து அந்த முதல் செமஸ்டரில் பொறாமைப்பட்டானாம், பின்னாளில் சொன்னான்.

அந்தத் தங்கையின் மகள் இந்த வருஷம் ரோபாட்டிக்ஸ் படிக்கப் போகிறாள். டாலர் எண்பதைத் தாண்டிவிட்டது. பிணையம் கேட்காமலே பல லட்சம் கடன் தருகிற நிதி நிறுவனங்கள் வந்துவிட்டன. எம்.எஸ்.ஸுக்கு எய்டு என்ற பேச்சே அவள் நண்பர்களிடம் இல்லை. எல்லோரும் கடனில்தான் போகிறார்கள். அவளிடம் இரண்டு கடிதங்கள். ஒன்று, பெரிய பேர் உள்ள இடத்தில் எம்.எஸ்.; பத்தாயிரம் டாலர் ‘ஸ்காலர்ஷிப்’ என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள், மிச்சக் கட்டணம் அதைப்போலப் பல மடங்கு. இன்னொன்று அவ்வளவு பேர் தெரியாத இடத்தில் பிஎச்.டி.; கட்டணம் இல்லை, மாதச் சம்பளம், ஐந்து வருஷம் என்று பேச்சு.

வீடியோ அழைப்பில் நான் பெரிய மனுஷத் தோரணையில் ஆரம்பித்தேன். “அந்தப் புரொஃபசருக்கு யார் காசு குடுக்கறாங்கன்னு பாத்தியா கண்ணு?”

“பாத்துட்டேன் மாமா. கிராண்ட் ரெண்டு வருஷத்துல முடியுது. மூணாவது வருஷத்துல இருந்து என்ன பண்ணுவீங்கன்னு கேட்டு மெயில் போட்டிருக்கேன். அவர்கிட்ட முடிச்சுட்டுப் போன ரெண்டு பேர்கிட்டயும் பேசிட்டேன். சம்மர்லயும் சம்பளம் வருதாம்.”

மேற்கொண்டு சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பின்னாலிருந்து என் தங்கை மட்டும் எட்டிப் பார்த்து, “அண்ணா, இவளுக்கும் கல்லு தட்டற வேலை எதும் இல்லையே?” என்று கேட்டாள்.